திரும்பி வந்த பிள்ளையின் படிப்பை அளப்பது எப்படி?

ஏழாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்த மூன்றாம் நாளே, படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்த ஒரு பையனுக்கு ஏழாம் வகுப்புக் கேள்வித்தாளைக் கொடுத்தேன். 60-க்கு 7 வாங்கினான். திருத்திய தாளை மற்றப் பிள்ளைகள் பார்க்கும்படியே அவன் கையில் கொடுத்தேன். மறுநாள் வரவில்லை. இரண்டு நாள் கழித்துக் கரைக்குப் போய்ப் பார்த்தேன். வத்தை என்கிற சின்னப் படகுக்குப் பக்கத்தில் குந்தி, வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. “எனக்குத்தான் வரலையே டீச்சர், விட்ருங்க” என்றான். அவனை மறுபடி பெஞ்சில் உட்கார வைக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

தப்பு என்னுடையது. மூன்று வருடம் கடலுக்குப் போய்வந்த பிள்ளையை, மூன்று வருடம் பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் கோலால் அளந்துவிட்டேன். இந்தப் பிள்ளைகளை எப்படி அளப்பது என்று உட்கார்ந்து யோசித்ததே அதற்கு அப்புறம்தான்.

இராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே ஒரு கரையோர ஊரில், இடைநின்ற பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சி மையம் நடத்துகிறேன். ஊரில் எல்லாருக்கும் அது ‘சென்டர்’தான். பதினொரு வருடமாகிறது. பையன்கள் நண்டு வலைக்கும் வல்லம் என்கிற நாட்டுப்படகுக்கும் போய்ப் பள்ளியிலிருந்து நின்றவர்கள். பெண் பிள்ளைகள், அம்மா கடல்பாசி எடுக்கப் போகும்போது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றவர்கள். சாயல்குடிப் பக்கத்து மையங்களில் பனங்காட்டுக்குக் குடும்பத்தோடு குடிபோய் வந்த பிள்ளைகள் இருப்பார்கள். மையத்துக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கும், நடு வருடத்தில் இப்படி ஒரு பிள்ளையை வகுப்பில் சேர்த்துக்கொண்ட ஆசிரியர்களுக்கும் பயன்படட்டும் என்று நான் செய்வதை எழுதுகிறேன்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, இடைநின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. மற்றவர்களுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையையும் கொடுக்கிறது. அந்தப் பயிற்சி குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 2 வருடம். எவ்வளவு நாள் நீட்டிப்பது என்பதை அவ்வப்போது பிள்ளையின் முன்னேற்றத்தை மதிப்பிட்டு முடிவு செய்ய வேண்டும் என்று மத்திய விதிகளே சொல்கின்றன. நாம் ஒழுங்காக அளக்காவிட்டால், போதுமான பயிற்சி இல்லாமலே பிள்ளை வகுப்புக்குள் தள்ளப்பட்டுவிடும். அல்லது வகுப்புக்குத் தயாரான பிள்ளை மையத்திலேயே கிடக்கும். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரம் தேர்வு வேண்டாம்

எமிஸ் என்கிற பள்ளிக்கல்வித் துறைக் கணினிப் பதிவில் பிள்ளையின் எண் பொதுத் தொகுப்பில் கிடக்கும். அதை எடுத்தால் எந்த வகுப்போடு நின்றது என்று தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதிலிருந்து படிப்பின் அளவை ஊகிக்காதீர்கள். எட்டு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. ‘ஆறாவதோடு நின்றான்’ என்று இருக்கும் பையன் உண்மையில் நான்காவதிலிருந்தே பாதி நாள் வராமல் இருந்திருப்பான். அவன் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள்: “எப்போதிலிருந்து வாரத்தில் பாதி நாள் போகாமல் இருந்தான்?” அந்த வருடம்தான் நின்ற வருடம்.

முதல் ஐந்து நாள் பிள்ளை சும்மா வரட்டும். கூட உட்காரட்டும், மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்கட்டும், மதியம் சேர்ந்து சாப்பிடட்டும். ஆறாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் முதல் அளவை எடுங்கள். தனியாக, மர நிழலிலோ வராந்தாவிலோ, மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில் உட்காருங்கள். காலைச் சாப்பாடு ஆகியிருக்க வேண்டும். இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: “ராத்திரி எங்க படுத்தே?” வலை போட்டுவிட்டு விடியும்வரை விழித்திருந்த பிள்ளையை அன்றைக்கு அளக்கக் கூடாது. கண்ணையும் பாருங்கள். தாளை மூக்கருகே கொண்டுபோகிற பிள்ளைக்கு முதலில் கண் பரிசோதனைதான் வேண்டும்.

வாசிப்பு

தொடக்கத்தில் பிள்ளைகளைப் பிரிக்க, 2005 முதல் நாடு முழுக்கக் கிராமங்களில் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் பார்க்கும் அசர் (ASER) ஆய்வின் முறை நன்றாக உதவும். எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை என்று நான்கு படிகள். ஐந்து எழுத்தில் நான்கு சரியாக இருந்தால் அந்தப் படி தேறிற்று. பத்து நிமிடத்தில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் மாதாமாதம் அளக்க அந்தப் படிகள் மிக உயரம். சொல்லிலிருந்து பத்திக்கு ஏறப் பிள்ளைக்கு நான்கு மாதம்கூட ஆகும். அந்த நான்கு மாதமும் ‘சொல், சொல், சொல், சொல்’ என்றே எழுதிக்கொண்டிருந்தால் நமக்கும் சோர்வு, பிள்ளைக்கும் சோர்வு. நடுவே சின்னப் படிகளை நாமே கட்ட வேண்டும்.

தமிழில் 247 எழுத்தையும் சோதிக்கத் தேவையில்லை. மறந்துபோவது பெரும்பாலும் துணைக்குறிகள். என் அனுபவத்தில் காலும் கொக்கியும் முதலில் திரும்பிவிடும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கொஞ்ச நாள் குழம்பும். கடைசியில் வருவது உகர, ஊகாரங்கள். கு, சு, து, மு, று என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளைவதால் அதற்கு ஒரே விதி என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆகவே 20 சொற்களை இந்தக் குறிகள் எல்லாம் வரும்படி தேர்ந்தெடுத்து ஓர் அட்டையில் எழுதுங்கள். என் அட்டையில் படகு, மணல், வலை, நண்டு, கணவாய், தூண்டில், மூட்டை, தோணி, கொண்டல், கெளுத்தி, சுறா, நூறு, பேருந்து, பௌர்ணமி போன்றவை இருக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. எங்கள் ஊர்ப் பிள்ளை ‘இராமேஸ்வரம்’ என்பதைப் பட்டென்று வாசிக்கும். அது எழுத்துக் கூட்டி வாசித்ததில்லை. பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்துப் படம் மாதிரி பதிந்தது. ‘தோணி’யில் கையை வைத்தால் ‘வத்தை’ என்று சொல்கிற பிள்ளையும் உண்டு. அதனால் அட்டையின் கடைசியில் பொருளே இல்லாத நான்கு சொற்களை வைத்திருக்கிறேன்: தோகு, மெளி, சூணை, ரொகி. “இதுக்கு அர்த்தம் இல்லப்பா, சும்மா சத்தத்தை மட்டும் சொல்லு” என்று முன்பே சொல்லிவிடுவேன். இந்த நான்கும் வந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு எழுத்து உண்மையாகவே கைவந்துவிட்டது என்று நம்பலாம்.

சொற்கள் வந்த பிறகு ஒரு நிமிட வாசிப்பு. பாடப்புத்தகப் பத்தியைக் கொடுக்காதீர்கள். கேட்டு மனப்பாடமாகியிருக்கும். நீங்களே எழுதுங்கள். என்னுடையது ஒன்று:

“அம்மா விடியும் முன்பே எழுந்தார். பாசி எடுக்கக் கடலுக்குப் போக வேண்டும். கண்ணாடியையும் சாக்குப் பையையும் எடுத்துக்கொண்டார். விரல்களில் துணி சுற்றிக்கொண்டார். கரையில் ஐந்து பெண்கள் காத்திருந்தார்கள். காற்று பலமாக அடித்தது. போகலாமா வேண்டாமா என்று எல்லாரும் கடலையே பார்த்தார்கள்.”

பிள்ளை வாசிக்கும்போது உங்கள் கையில் இன்னொரு பிரதி இருக்கட்டும். தப்பாக வாசித்த சொல்லின் மேல் ஒரு கோடு. வாசிக்கும்போது திருத்தாதீர்கள். தானே திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டால் அது சரிதான். ஒரு நிமிடம் முடிந்ததும் எங்கே நின்றதோ அங்கே குறி வைத்துவிட்டு, மிச்சத்தையும் வாசிக்க விடுங்கள். பாதியில் பிடுங்கினால் அவமானமாக இருக்கும். சரியாக வாசித்த சொற்களை எண்ணி எழுதுங்கள். ஆங்கில வாசிப்புக்கு என்று இணையத்தில் கிடக்கும் வேக அளவுகளோடு இதை ஒப்பிட வேண்டாம். ‘எடுத்துக்கொண்டார்’ என்பது நமக்கு ஒரே சொல். இந்த எண் அந்தப் பிள்ளையின் போன தடவை எண்ணோடு மட்டுமே ஒப்பிடத் தக்கது.

அப்புறம் மூன்று கேள்விகள். எத்தனை பெண்கள் காத்திருந்தார்கள்? எதற்காக விரலில் துணி சுற்றினார்? அவர்கள் போயிருப்பார்களா, நீ என்ன நினைக்கிறாய்? முதலாவது பத்தியிலேயே இருக்கிறது, இரண்டாவதற்கு யோசிக்க வேண்டும், மூன்றாவதற்குச் சொந்தமாகப் பேச வேண்டும். மூன்றாவது கேள்விக்கு ஒரு பையன் என்னையே திருப்பிக் கேட்டான்: “என்ன காத்துன்னு எழுதலையே டீச்சர். கச்சான்னா போக மாட்டாக. வாடைன்னா தென்கடல் அமந்து கெடக்கும், போவாக.” (கச்சான் தென்மேற்குப் பருவக் காற்று, வாடை வடக்கிலிருந்து வருவது, தென்கடல் என்பது மன்னார் வளைகுடா.) அந்தப் பத்தியை அவன் நிமிடத்துக்கு 14 சொல் வேகத்தில்தான் வாசித்திருந்தான். வேகத்தை மட்டும் எழுதியிருந்தால் அவனைப் பற்றித் தப்பாக எழுதியிருப்பேன். புரிதலுக்கு என்று தனி வரி வையுங்கள்.

எழுத்து

அட்டையில் உள்ளவற்றிலிருந்து பத்துச் சொல்லைச் சொல்லி எழுத வையுங்கள். அதன்பின் “நேத்து வீட்டில் என்ன நடந்தது, மூணு வரி எழுது” என்று சொல்லுங்கள். தாளின் மூலையில் தேதியும் வருகை நாளின் எண்ணும் (பிள்ளை வந்த எத்தனையாவது நாள் என்று) போட்டுப் பத்திரப்படுத்துங்கள். மூன்று வரிகள் போதும்.

தம்பியைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருடம் வீட்டில் நின்ற பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. அவள் முதல் தாள் இப்படி இருந்தது: “அபபா கடலக போனாக. நணட கெடசசத.” சிவப்பு மையால் திருத்தினால் தாள் முழுக்கச் சிவப்பாகிவிடும். நான் திருத்தவில்லை. பக்கத்தில் பென்சிலால் இரண்டு விஷயம் மட்டும் எழுதினேன்: புள்ளி ஒன்றுகூட இல்லை, உகரம் வரவில்லை. அடுத்த இருபது நாளும் அவளுக்கு அந்த இரண்டுதான் வேலை.

அறுபதாம் வருகை நாள் தாள்: “அப்பா கடலுக்கு போனாக. நண்டு கெடச்சிச்சு. வெலை கம்மி. அம்மா சிரிக்கலை.” எட்டுப் புள்ளிகள். எண்ணிப் பாருங்கள். உகரம் எல்லாம் இடத்தில் இருக்கிறது. ‘போனாக’, ‘கெடச்சிச்சு’ என்பவை பேச்சு. அவற்றை இந்தக் கட்டத்தில் நான் பிழைக் கணக்கில் சேர்ப்பதில்லை. காதில் கேட்டதை எழுத்தில் பிடிக்கத் தெரிந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. பேச்சு நடையிலிருந்து எழுத்து நடைக்கு மாறுவதை அடுத்த படியாகத் தனியே எழுதிக்கொள்ளலாம். ‘கடலுக்குப் போனாக’ என்று ஒற்று மிகாததும் அப்படித்தான், பின்னால் பார்த்துக்கொள்ளலாம். ஆக, எத்தனை பிழை என்பதைவிட எந்தப் பிழை போயிற்று, எந்தப் பிழை நிற்கிறது என்று எழுதுங்கள். மொத்த எண்ணிக்கை ஏமாற்றும். நீளமாக எழுதத் துணிந்த பிள்ளைக்குப் பிழையும் கூடத்தான் செய்யும்.

அந்த நான்காவது வரி, ‘அம்மா சிரிக்கலை’ என்பது, எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. அதை அப்படியே நோட்டில் எடுத்து எழுதி வைத்திருக்கிறேன்.

கணக்கு: வாயில் ஒன்று, தாளில் ஒன்று

கரையோரப் பிள்ளைகளிடம் கணக்கை ஒரே மதிப்பெண்ணாக எழுதினால் அது பெரிய அநியாயம். நான் நண்டு வலையிலிருந்து திரும்பக் கூட்டிவந்த அந்த ஏழு மார்க் பையனையே சொல்கிறேன். படகில் அவனுக்கு அரைப்பங்கு. அவன் படகுக் கணக்கு இப்படி: விற்ற பணத்தில் டீசலும் ஐஸும் கழிப்பார்கள். மிச்சத்தில் பாதி படகுக்கும் வலைக்கும். மறுபாதி ஆட்களுக்கு. நான்கு பேருக்கு முழுப்பங்கு, அவனுக்கு அரை. (ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் இது மாறும். உங்கள் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.)

“7,800 ரூபாய்க்கு விற்றது. செலவு 2,400. உனக்கு எவ்வளவு?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். “முந்நூறு.”

“எப்படிப்பா?”

“அஞ்சாயிரத்து நானூறு நிக்கும். பாதி படகுக்கு. ரெண்டாயிரத்து எழுநூறு எங்களுக்கு. நாலு முழுப்பங்குன்னா எட்டு அரை, நான் ஒண்ணு, ஒம்போது. ஒம்போது முந்நூறு.”

நாலரையால் வகுப்பதை ஒன்பது அரைகளாக மாற்றி வகுத்திருக்கிறான். பின்னத்தை இவ்வளவு தெளிவாகக் கையாளும் பிள்ளைகள் வகுப்பில் அதிகம் இல்லை. அதே பையனுக்குத் தாளில் 402 – 178 கொடுத்தேன். 376 என்று எழுதினான். பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறான்: எட்டில் ரெண்டு போனால் ஆறு, ஏழில் பூஜ்யம் போனால் ஏழு. கடன் வாங்குவது மறந்துபோயிருக்கிறது. அதையே “402 ரூபாயில் 178 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி?” என்று கேட்டதும் “இருநூத்தி இருபத்து நாலு” என்றான், சட்டென்று.

ஆகவே கணக்குப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் வாய், வலப்பக்கம் தாள். இரண்டு இலக்கக் கழித்தல், மூன்று இலக்கத்தை ஓர் இலக்கத்தால் வகுத்தல், பாதி, கால் என்று ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகவும் கேளுங்கள். வாயில் வந்து தாளில் வராதவை சீக்கிரம் வந்துவிடும். பிள்ளைக்குத் தெரிந்ததை எழுதும் முறையைக் காட்டினால் போதும். இரண்டிலும் வராதவைக்குத்தான் புதிதாகப் பாடம் நடத்த வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அவை பெரும்பாலும் தசமம், பரப்பளவு, அப்புறம் x, y வந்துவிட்ட எல்லாமே. பங்கு பிரித்த பையன் ஆறு வாரத்தில் வகுத்தலைத் தாளில் போட்டான். நான் சொல்லிக் கொடுத்ததில் பாதி, “நீ அன்னைக்குச் சொன்னதையே வரிசையா எழுது” என்பதுதான்.

தேதியைப் பார்க்காமல் வருகையை எண்ணுங்கள்

அளவெடுக்கும் இடைவெளி, பிள்ளை வந்த 20 நாள். தேதிப்படி மாதம் ஒரு முறை என்று வைத்தால் கடற்கரையில் கணக்கு சரியாக வராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பாசிக்குப் போகும் நாட்களில் பெண் பிள்ளைகள் வீட்டில் நிற்பார்கள். வடகடல் பக்கம் ஒரு காற்று, தென்கடல் பக்கம் ஒரு காற்று. எந்தக் காற்றில் எந்தக் கரையில் தொழில் நடக்குமோ அந்தப் பையன்கள் அப்போது குறைவார்கள். ஏர்வாடிச் சந்தனக்கூடு, கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா எல்லாம் உண்டு. ஒரு பிள்ளைக்கு 20 நாள் ஐந்து வாரத்தில் முடியும், இன்னொன்றுக்கு ஒன்பது வாரம் ஆகும். ‘இரண்டு மாதத்தில் ஒன்றும் முன்னேறவில்லை’ என்று எழுதும் முன் அந்த இரண்டு மாதத்தில் பிள்ளை எத்தனை நாள் வந்தது என்று எண்ணுங்கள். மெதுவாகப் படிக்கிறது என்று நான் நினைத்த ஒரு பெண், வந்த நாளைக் கணக்கிட்டபோது மையத்திலேயே வேகமாக ஏறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது கூடுதல் பாடம் இல்லை, தம்பியைக் கொண்டுபோய் விட ஒரு அங்கன்வாடி இடம். அதற்கு அலைந்தேன், கிடைத்தது.

ஐந்து நாளுக்கு மேல் வராமல் இருந்து திரும்பினால் வந்த அன்றைக்கு மூன்று நிமிடச் சின்னச் சோதனை ஒன்று: பத்துச் சொல், இரண்டு கணக்கு. எவ்வளவு சறுக்கியிருக்கிறது என்று குறியுங்கள். பழைய இடத்துக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்றும் குறியுங்கள். முதல் தடவை ஆறு நாள் ஆன பிள்ளைக்கு நான்காம் தடவை ஒரே நாள் போதுமென்றால், படித்தது உள்ளே நிற்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த ஓர் அளவை எந்தப் படிவத்திலும் கேட்க மாட்டார்கள். எனக்கு இதைவிட நம்பிக்கை தருவது வேறில்லை.

எண்கள் நேர்கோட்டில் ஏறாது. நண்டு வலைப் பையனின் ஒரு நிமிட வாசிப்பு: 11, 24, 26, 25, 38. முதல் தாவலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு “இன்னும் ரெண்டு மாசத்தில் வகுப்பைப் பிடித்துவிடுவான்” என்று அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த முதல் தாவல் பெரும்பாலும் மறந்தது ஞாபகத்துக்கு வந்தது. புதிதாகக் கற்றது அதற்குப் பிறகுதான் தொடங்கும். அப்போது எண் நகராமல் நிற்கும். அதனால் முதல் அளவை ‘வந்தபோது’ என்றும், இரண்டாவதை ‘தொடக்கம்’ என்றும் எழுதுகிறேன். திட்டம் போடுவது இரண்டாவதை வைத்து. நடுவே 24, 26, 25 என்று நின்ற நாட்களில் அவன் எழுத்தெழுத்தாகக் கூட்டுவதை விட்டுச் சொல்லைச் சொல்லாகப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். கோடு போட்ட பிரதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது: முதலில் எல்லாப் பிழையும் சின்னச் சொற்களில் இருந்தன, பிறகு நீளச் சொற்களின் வாலில் மட்டும். அதனால் கோடு போட்ட தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

பள்ளித் தேர்வுத் தாள்

பிள்ளை வகுப்பில் இருப்பதால் பருவத் தேர்வையும் எழுதும். வகுப்பில் அவ்வப்போது நடக்கும் செயல்பாடுகளுக்கான வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதும் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. திரும்பி வந்த பிள்ளை முதலில் தலை நிமிர்வது அந்த நாற்பதில்தான். பேசலாம், செய்து காட்டலாம், சேர்ந்து செய்யலாம். வகுப்பாசிரியரிடம் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அறுபதுக்கான தாள் திரும்பி வந்ததும் மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எழுத்துப் போடுங்கள். கேள்வியையே வாசிக்க முடியவில்லையா, ‘வா’. வாசித்தான், விடை தெரியவில்லையா, ‘தெ’. தெரிந்தும் எழுத வரவில்லையா, ‘எ’. சரியென்றால் டிக். அப்புறம் ‘வா’ போட்ட கேள்விகளை நீங்கள் வாசித்துக் காட்டி, வாயால் பதில் சொல்ல விடுங்கள். அறிவியலில் 60-க்கு 9 வாங்கிய ஒரு பெண், நான் வாசித்துக் காட்டியபோது 23-க்கு வந்தாள். அந்தப் பதினான்கு மதிப்பெண்ணும் வாசிப்பில் மாட்டியிருக்கிறது, அறிவியலில் இல்லை. இதை வகுப்பாசிரியரிடம் தாளோடு காட்டினால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அடுத்த பருவத்தில் ‘வா’க்கள் குறைந்து ‘தெ’க்கள் கூடியிருந்தால் மதிப்பெண் ஏறாவிட்டாலும் நல்ல சேதிதான். இப்போது அந்தப் பிள்ளைக்கு வேண்டியது மற்றப் பிள்ளைகளுக்கு வேண்டிய அதே பாடம்.

மாதக் கூட்டத்தில் ஒரே ஒரு எண் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள். நம் நோட்டு அதற்காக இல்லை.

யாரிடம், எப்படி

ஒரு பிள்ளைக்கு ஒரு 40 பக்க நோட்டு. இருபது வருகை நாளுக்கு ஒரு விரிப்பு: இடப்பக்கம் வாசிப்பும் எழுத்தும், வலப்பக்கம் கணக்கு. எழுதிய தாள்களை அதிலேயே ஒட்டிவிடுங்கள். எதையும் சுவரில் மாட்டாதீர்கள். யார் பெயருக்கு நேரே எத்தனை நட்சத்திரம் என்று நானும் ஒரு வருடம் மாட்டினேன். கடைசியில் இருந்த மூன்று பெயரும் அந்த வருடமே நின்றுவிட்டன. நோட்டைப் பிள்ளை எப்போது கேட்டாலும் கொடுங்கள். புரட்டிப் பார்ப்பார்கள். பழைய பக்கத்தைப் பார்த்து “இப்படியா எழுதினேன்?” என்று சிரிப்பார்கள்.

அம்மாவிடம் மதிப்பெண் சொல்ல வேண்டாம். முதல் தாளையும் இன்றைய தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் அது தெரியும். அந்த எட்டுப் புள்ளிப் பெண்ணின் அம்மா பாசி எடுத்துவிட்டு நேரே வந்திருந்தார், விரலில் சுற்றிய துணிகூட அவிழ்க்கவில்லை. இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டாவதில் விரலை வைத்தார். “இதுல பொட்டுப் பொட்டா வச்சிருக்காளே டீச்சர். அதுல இல்லையே.” மகளைக் கூப்பிட்டு, “இது என்னடி பொட்டு?” என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சத்தமாக வாசித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். “மிச்சத்தையும் வாசி” என்றார் அம்மா. வாசித்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகள் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பௌர்ணமி வாரத்திலும் அந்தப் பெண் இரண்டு மூன்று நாளாவது வந்தாள்.

பதினான்கு வயதைத் தாண்டிய பிறகு புதிதாகச் சேர வருகிறவர்களுக்குச் சட்டத்தின் சிறப்புப் பயிற்சி கிடைக்காது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத 14 வயது நிறைந்தால் போதும். அதற்குத் தயாராகும் பிள்ளைக்கும் இதே நோட்டு முறைதான், பாடத்தை மட்டும் அந்தப் பாடத்திட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நோட்டை எப்போது மூடுவது? புதிய பத்தி ஒன்றை வாசித்து மூன்று கேள்விக்கும் பதில் சொல்லி, தாளிலும் வகுத்தல் போட்டு, ஒரு வாரம் வராமல் இருந்தும் இரண்டு நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டால், வகுப்பாசிரியரிடம் நோட்டைக் கொடுத்துவிடலாம். நேரில் போய், பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டிக் கொடுங்கள். கொடுத்த பிறகும் ஒரு தேதியை மட்டும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகளின் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி 61 நாள், ஜூன் 14-இல் முடிகிறது. பள்ளி திறப்பதும் அந்த மாதம்தான். இரண்டு மாதமாகக் கரையில் கிடந்த படகுகள் எல்லாம் ஒரே நாளில் ஆள் தேடும். ஜூன் 15 காலை வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். யார் பெயருக்கு நேரே காலியாக இருக்கிறதோ, அந்தப் பிள்ளையின் நோட்டை எடுத்துக்கொண்டு, அன்று சாயங்காலம் படகு திரும்பும் நேரத்துக்குக் கரைக்குப் போய்விடுங்கள்.